முட்டி போடப்போற பையனும் பக்கத்து வீட்டு போலீஸ்காரரும்

கேள்வி: அக்கா, வணக்கம். டாலஸ் பக்கம் ஒரு சபர்ப்ல 14 வருஷமா இருக்கோம். நானும் மனைவியும் ஐடி, கிரீன் கார்டு க்யூவுல நிக்கிறோம். பையன் அமெரிக்காவுலயே பொறந்தவன், 16 வயசு, பப்ளிக் ஹைஸ்கூல். சாக்கர் ஆடிக்கிட்டு இருந்தவன அமெரிக்க ஃபுட்பால் கோச் கூப்பிட்டு, பந்த உதைச்சு கோல் அடிக்கிற கிக்கர் ஆக்கிட்டார். போலீஸ் கறுப்பின மக்கள நடத்துறத எதிர்த்து தேசிய கீதம் அப்போ முட்டி போட்ட ஃபுட்பால் வீரர் காலின் கேப்பர்னிக் பத்தி ஹிஸ்டரி கிளாஸ்ல ப்ராஜெக்ட் பண்ணதுலேருந்து ஆள் மாறிட்டான். பழைய மாணவர்களெல்லாம் வர்ற ஹோம்கமிங் கேம்ல இவனும் டீம்ல இருக்குற ரெண்டு கறுப்பினப் பசங்களும் தேசிய கீதம் அப்போ முட்டி போடப்போறாங்களாம். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ்ல சார்ஜென்ட், அவர் பையனும் அதே டீம். 2021 பனியில கரண்ட் போனப்போ எங்கள அவர் வீட்டுல தங்க வச்சவர், அவரோட ஏணி இன்னும் எங்க கராஜ்லதான் கிடக்கு. ஊர்லேருந்து வந்திருக்குற எங்க அப்பா "சோறு போடுற நாட்டுக்கு எந்திரிச்சு நிக்கக்கூட வலிக்குதா"ங்கிறார். மனைவி பையன் பக்கம். டீம விட்டு தூக்கிருவாங்களா? எங்க கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா? இவன எப்படி நிறுத்துறது? - பேர் போட வேண்டாம்.

தம்பி, வணக்கம்.

கடைசிக் கேள்விய மொதல்ல எடுத்துக்கிறேன், அதுக்குத்தான் பதில் சின்னது. நிறுத்த முடியாது. பதினாறு வயசுப் பையனக் கட்டிப்போடுற வித்தை நான் படிச்ச எந்த சட்டப் புத்தகத்துலயும் இல்ல, என் வீட்டுல ரெண்டு பேர வளத்து முடிச்ச அனுபவத்துலயும் இல்ல. நிறுத்தணுமாங்கிறது வேற விஷயம், அதுக்குப் பின்னாடி வர்றேன்.

ஸ்கூல் என்ன பண்ணும்? நீங்க பப்ளிக் ஹைஸ்கூல்னு எழுதியிருந்ததப் பாத்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. பப்ளிக் ஸ்கூல்னா அது அரசாங்கம், அரசாங்கத்தோட கையத்தான், பேச்சுரிமையக் காக்குற அரசியல் சட்டத்தோட மொத திருத்தம் கட்டி வச்சிருக்கு. பிரைவேட் ஸ்கூலுக்கு அந்தக் கட்டு கிடையாது. 2017 செப்டம்பர்ல ஹூஸ்டன் பக்கம் கிராஸ்பிங்கிற ஊர்ல ஒரு பிரைவேட் கிறிஸ்தவ ஸ்கூல் டீம்ல ஒரு பையன் முட்டி போட்டான், இன்னொருத்தன் கைய ஒசத்தினான், கோச் அந்த எடத்துலயே யூனிஃபார்மக் கழட்டச் சொல்லி ரெண்டு பேரையும் டீம விட்டுத் தூக்கிட்டார். அதே வேலைய பப்ளிக் ஸ்கூல் பண்ணா என்ன மாதிரி வக்கீலுங்க மறுநாள் காலையில நோட்டீஸ் டைப் பண்ண ஆரம்பிச்சிருவோம்.

இதுக்கு அடிப்படை 1943-ல வந்த ஒரு தீர்ப்பு. மேற்கு வர்ஜீனியாவுல யெகோவா சாட்சிகள் வீட்டுப் பசங்க கொடிக்கு சல்யூட் அடிக்க மாட்டோம்னாங்க, அவங்க மதம் அப்படி, ஸ்கூல் அந்தப் பசங்கள வெளிய அனுப்பிருச்சு. ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டு இருக்கு, நாட்டுல தேசபக்தி கொதிச்சுக்கிட்டு இருக்குற நேரம், மூணே வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு கேஸ்ல இதே சுப்ரீம் கோர்ட் ஸ்கூல் பக்கம் தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. அத அவங்களே மாத்திக்கிட்டாங்க. எது தேசபக்திங்கிறத எந்த அதிகாரியும், பெரிய ஆளோ சின்ன ஆளோ, அடுத்தவன் வாயில திணிக்க முடியாதுன்னு நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அதுக்கப்புறம் 1969-ல வியட்நாம் போர எதிர்த்து கையில கறுப்புப் பட்டை கட்டிட்டு வந்த பசங்க கேஸ், அதுல ஸ்கூல் கேட்டத் தாண்டி உள்ள வர்றப்போ பசங்க தங்களோட உரிமைய வாசல்ல கழட்டி வச்சுட்டு வரலைன்னு சொல்லிட்டாங்க, பாடம் நடக்குறத பெருசா கெடுத்தாத்தான் ஸ்கூல் தலையிடலாம்.

உங்க அப்பாகிட்ட இத சொல்லுங்க, நம்ம ஊர் சுப்ரீம் கோர்ட்டும் இதையேதான் சொல்லியிருக்கு. கேரளாவுல மூணு பிள்ளைங்க, அவங்களும் யெகோவா சாட்சிகள் வீடுதான், ஜன கண மன பாடறப்போ எந்திரிச்சு நிப்பாங்க ஆனா பாட மாட்டாங்க, ஸ்கூல் வெளிய அனுப்பிருச்சு. 1986-ல நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தப் பிள்ளைங்களத் திரும்ப சேத்துக்கச் சொன்னார், அந்தத் தீர்ப்புல நான் மேல சொன்ன 1943 அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசியிருப்பார். அந்தப் பிள்ளைங்க நின்னாங்கல்ல, இவன் மண்டி போடறானேன்னு தாத்தா கேப்பார், கேக்கட்டும், நியாயமான கேள்விதான்.

இப்போ வக்கீலா ஒரு எச்சரிக்கை. ஜெயிச்சுருவோம்னு நான் எழுதித் தர மாட்டேன். கலிஃபோர்னியாவுல ஒரு பப்ளிக் ஸ்கூல், அமெரிக்கப் பழங்குடிப் பையன் ஒருத்தன் 2017-ல கீதத்தப்போ முட்டி போட்டான், எதிர் டீம் ஸ்கூல் பசங்க வந்து இனத்தச் சொல்லி அசிங்கமா பேசி மிரட்டினாங்க, ஸ்கூல் நிர்வாகம் என்ன பண்ணுச்சுன்னா மிரட்டினவங்கள விட்டுட்டு இனி யாரும் முட்டி போடக்கூடாதுன்னு ரூல் போட்டுச்சு. 2017 டிசம்பர்ல ஃபெடரல் கோர்ட் அந்த ரூலுக்குத் தடை போட்டுச்சு. நல்ல தீர்ப்பு, ஆனா அது கலிஃபோர்னியா, டெக்ஸாஸ் கோர்ட்ட அது கட்டுப்படுத்தாது. நம்ம பக்கத்து லூசியானாவுல அதே 2017-ல ஒரு பிரின்சிபால், கீதத்துக்கு நிக்கலைன்னா ஆட விடமாட்டோம்னு வீட்டுக்கு வீடு லெட்டரே அனுப்பினார். அதனால சட்டம் நம்ம பக்கம்னாலும் உள்ளூர்க் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக்கணும்.

அதோட கோச்சுங்க யாரும் "நீ முட்டி போட்ட, வெளிய போ"ன்னு சொல்ற அளவு விவரம் இல்லாதவங்க இல்ல. அடுத்த வாரம் இவன் எட்டாவது நிமிஷம் பெஞ்சுல உக்காந்திருப்பான், கேட்டா பயிற்சியில பந்து வலது பக்கம் போகுதுன்னு சொல்வாங்க. அதுலயும் கிக்கர் வேலை ஒரு மாதிரி வேலை, நல்லா அடிக்கிறப்போ யாரும் பாக்க மாட்டாங்க, ஒண்ணு தப்புனா ஊரே பாக்கும், முட்டி போட்ட வாரத்துல ஒரு ஃபீல்டு கோல் தப்புச்சுன்னா சொல்லவே வேண்டாம். இத அவன்கிட்ட மறைக்காம சொல்லுங்க. பயமுறுத்துறதுக்காக இல்ல, விலை என்னன்னு தெரிஞ்சுகிட்டு வாங்கட்டும்னுதான்.

டெக்ஸாஸ்ல இன்னொரு வேடிக்கை. தினமும் காலையில கொடி உறுதிமொழி சொல்றாங்கள்ல, அதுலேருந்து பிள்ளைக்கு விலக்கு வேணும்னா மாநிலச் சட்டப்படி அப்பாவோ அம்மாவோ எழுதிக் குடுக்கணும். அது உறுதிமொழிக்கு மட்டும்தான், மைதானத்துல பாடுற கீதத்துக்கு இல்ல, ஆனா நிறைய ஸ்கூல் ரெண்டையும் போட்டு குழப்பிக்கும். உங்க கையெழுத்து ஒரு நாள் தேவைப்படலாம், அதுக்குத்தான் சொல்றேன்.

கேப்பர்னிக்குக்கு வேலை போச்சே, அப்போ இந்த மொத திருத்தம் எங்க போச்சுன்னு உங்க வாட்ஸப் குரூப்ல யாராவது கேட்டிருப்பாங்க. அவர் ஆடின என்எஃப்எல்ங்கிற ஃபுட்பால் லீக் பிரைவேட் முதலாளிங்களோடது, அரசாங்கம் இல்ல. அதனாலதான் அவர் பேச்சுரிமைன்னு கேஸ் போடல, டீம் ஓனருங்க எல்லாம் கூட்டு சேந்து என்னை யாரும் எடுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு தொழிற்சங்க ஒப்பந்தத்த வச்சு 2017 அக்டோபர்ல புகார் குடுத்தார். 2019 பிப்ரவரியில சமரசம் ஆச்சு, எவ்வளவு குடுத்தாங்கங்கிறது ரகசியம். 2013-ல லீக்கோட இறுதி ஆட்டமான சூப்பர் பவுல்ல, டீமோட ஆட்டத்த நடத்துற குவார்ட்டர்பேக்கா ஆடினவர், 2017 ஜனவரிக்கு அப்புறம் ஒரு மேட்ச் ஆடல.

கிரீன் கார்டு. இதுக்கு உங்க இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அது என் ஏரியா இல்ல. ஆனா பொதுவா, பையன் அமெரிக்கக் குடிமகன், அவன் ஒரு மேட்ச்ல முட்டி போட்டது உங்க ஃபார்ம்ல எந்தக் கட்டத்துலயும் வராது. அந்த ஃபார்ம் கேக்குறது உங்களப் பத்தி, நீங்க அரெஸ்ட் ஆனீங்களான்னு. உங்க பயம் வெறும் கற்பனைன்னும் நான் சொல்ல மாட்டேன், 2025-ல வெளிநாட்டு மாணவர்கள் சில பேரோட விசாவ அவங்க எழுதினதுக்கும் போராட்டத்துல நின்னதுக்கும் ரத்து பண்ணி, கோர்ட் கோர்ட்டா அந்தச் சண்டை போச்சு, க்யூவுல நிக்கிற எந்த வீட்டுலயும் அன்னைக்கு தூக்கம் வந்திருக்காது. ஆனா அந்தப் பயம் உங்களோடது தம்பி. அவனுக்கு அது கிடையாது, கிடையாதுங்கிறதுக்காகத்தானே அவன இங்க பெத்து வளத்தீங்க. "எங்களுக்கு பயமா இருக்குடா"ன்னு சொல்லுங்க, "நீ பண்றது தப்பு"ன்னு சொல்லாதீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

இப்போ உங்க அப்பா. அவர் கோவத்துல பாதி அந்த முட்டிலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. நம்ம ஊர்ல முட்டி போடறதுன்னா என்ன, ஹோம்வொர்க் செய்யாதவன வெயில்ல வாத்தியார் முட்டி போட வைப்பார், அது தண்டனை, அவமானம். சர்ச்சுக்குப் போறவங்களுக்கு முழங்கால்ல நிக்கிறது ஜெபம். இங்க ஃபுட்பால் மைதானத்துல அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு, ஒருத்தன் அடிபட்டு விழுந்தா ரெண்டு டீமும் முட்டி போட்டுக் காத்திருப்பாங்க, உங்க பையனே போட்டிருப்பான்.

அந்த முட்டி எங்கேருந்து வந்துச்சுங்கிற கதைய அவன் ப்ராஜெக்ட்ல எழுதினானான்னு தெரியல, எழுதியிருந்தா உங்க வீட்டுல சண்டையே இவ்வளவு வந்திருக்காது. கேப்பர்னிக் மொதல்ல முட்டி போடல. உக்காந்தார். 2016 ஆகஸ்ட் 26, கிரீன் பே பேக்கர்ஸோட ஒரு பயிற்சி மேட்ச், எல்லாரும் நிக்க இவர் மட்டும் பெஞ்சுல உக்காந்திருந்தது போட்டோவுல தெரிஞ்சு கேள்வி வந்துச்சு, கறுப்பின மக்கள ஒடுக்குற நாட்டுக் கொடிக்கு பெருமையோட எந்திரிச்சு நிக்க முடியாதுன்னார். நாடே பத்திக்கிச்சு. அப்போ நேட் போயர்னு ஒருத்தர், ராணுவத்துல கிரீன் பெரேங்கிற சிறப்புப் படையில இருந்துட்டு அப்புறம் ஃபுட்பால் ஆட வந்தவர், வெள்ளைக்காரர், ஆர்மி டைம்ஸ் பத்திரிகையில ஒரு திறந்த கடிதம் எழுதினார். திட்டி இல்ல. எனக்கு கோவம் வந்துச்சு ஆனா நீ என்ன சொல்ல வர்றன்னு கேக்கணும்னு நினைக்கிறேங்கிற தொனியில. கேப்பர்னிக் அவரக் கூப்பிட்டார், சான் டியாகோவுல ஒரு ஹோட்டல் லாபியில உக்காந்து பேசினாங்க. உக்காராத, பக்கத்துல நிக்கிறவங்களோட சேந்து முட்டி போடு, செத்துப்போன தோழனோட கல்லறை முன்னாடி சிப்பாய்ங்க அப்படித்தான் பண்ணுவாங்கன்னு போயர் சொல்ல, செப்டம்பர் 1 அன்னைக்கு கேப்பர்னிக்கும் அவர் டீம் வீரர் எரிக் ரீடும் முட்டி போட்டாங்க, போயர் பக்கத்துல நெஞ்சுல கை வச்சு நின்னார்.

ஆக உங்க அப்பா அவமரியாதைங்கிற அந்த முட்டி, ஒத்துப்போகாத ரெண்டு பேர் உக்காந்து பேசிக் கண்டுபிடிச்ச சமரசம். பழைய சிப்பாய் ஒருத்தர் சொல்லிக்குடுத்தது. இத உங்க பையன் பக்கத்து வீட்டுல போய் சொல்லணும்னு நான் நினைக்கிறேன், ஏன்னு சொல்றேன்.

சார்ஜென்ட் பக்கத்துலேருந்து கொஞ்சம் பாருங்க. 2016 ஜூலை 5 லூசியானாவோட பேட்டன் ரூஜ்ல ஆல்டன் ஸ்டெர்லிங்ங்கிற கறுப்பினத்தவர போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. 6-ம் தேதி மின்னசோட்டாவுல இன்னொரு கறுப்பினத்தவர், ஃபிலாண்டோ காஸ்டில், ட்ராஃபிக்ல நிறுத்தின கார்ல காதலியும் ஒரு குழந்தையும் இருக்குறப்போ சுட்டுட்டாங்க, துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருந்தவர். 7-ம் தேதி இந்த ரெண்டையும் கண்டிச்சு டாலஸ் டவுன்டவுன்ல அமைதியா ஊர்வலம் போச்சு, கூட நடந்த போலீஸ்காரங்க ஊர்வலக்காரங்களோட சேந்து போட்டோவெல்லாம் எடுத்துக்கிட்டாங்க, முடியிற நேரத்துல ஒருத்தன் போலீஸ குறி வச்சு சுட ஆரம்பிச்சு 5 போலீஸ்காரங்க செத்தாங்க. டாலஸ் பக்கம் போலீஸ்ல இருக்குற யாருக்கும் அது டிவி நியூஸ் இல்ல. கேப்பர்னிக் உக்காந்தது அதுக்கு ஏழே வாரம் கழிச்சு. அப்புறம் போலீஸ பன்னியா வரைஞ்ச சாக்ஸ் போட்டுக்கிட்டு அவர் பயிற்சிக்கு வந்த போட்டோவும் வெளிய வந்துச்சு. தப்பான போலீஸ்காரங்களத்தான் சொன்னேன்னு விளக்கம் குடுத்தார், ஆனா என்னக் கேட்டா அந்த சாக்ஸ் அசிங்கம், முட்டி சொன்னத சாக்ஸ் கெடுத்துச்சு. உங்க பையன்கிட்ட கேப்பர்னிக்ல எதை எடுத்துக்கிற, எதை விடுறன்னு கேளுங்க.

ஆனா ஒண்ணு, மரியாதையா பண்ணா யாருக்கும் கோவம் வராதுன்னு நினைச்சுக்காதீங்க. அந்த ஜூலை 9-ம் தேதி மின்னசோட்டா லிங்க்ஸ், பெண்கள் பேஸ்கட்பால் டீம், ஒரு டீ-ஷர்ட் போட்டு வந்தாங்க. முன்னாடி மாற்றம் நம்மகிட்டேருந்து ஆரம்பிக்குது, நீதியும் பொறுப்பும் வேணும்னு. பின்னாடி காஸ்டில், ஸ்டெர்லிங் பேரு, அதோட சேத்தே டாலஸ் போலீஸோட சின்னம். செத்த போலீஸுக்கும் மரியாதை, சுடப்பட்டவங்களுக்கும் மரியாதை, இத விட பக்குவமா எப்படிச் சொல்றது? அன்னைக்கு அங்க செக்யூரிட்டி பாத்துக்கிட்டிருந்த டூட்டியில இல்லாத 4 மினியாபொலிஸ் போலீஸ்காரங்க வேலைய விட்டு நடந்து போயிட்டாங்க, போலீஸ் சங்கத் தலைவர் அவங்களப் பாராட்டினார். நாலு வருஷம் கழிச்சு அதே மினியாபொலிஸ்ல 2020 மே 25, ஜார்ஜ் ஃப்ளாய்ட் கழுத்துல ஒரு போலீஸ்காரர் 9 நிமிஷம் 29 செகண்ட் முட்டி வச்சு அழுத்தினார். அந்த முட்டிய நாடு பூராவும் பாத்த பிறகுதான் என்எஃப்எல் கமிஷனர் ரோஜர் குடெல் வந்து, வீரர்கள் சொன்னத முன்னாடியே காது குடுத்துக் கேக்காதது தப்புன்னு ஒத்துக்கிட்டார். அப்பவும் கேப்பர்னிக் பேர அவர் வாயால சொல்லல.

எதிர்ப்பக்கம் சொல்றதுலயும் கேக்க வேண்டியது இருக்கு. 2014 நவம்பர் 30, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் வீரர்கள் 5 பேர் ரெண்டு கையயும் தூக்கிட்டு மைதானத்துக்குள்ள வந்தாங்க, பக்கத்து ஊர் ஃபெர்குசன்ல மைக்கேல் பிரவுன்ங்கிற கறுப்பின இளைஞன் கையத் தூக்கினப்புறமும் போலீஸ் சுட்டுக் கொன்னுச்சுங்கிற பேச்சு அப்போ ஊரெல்லாம் இருந்துச்சு. போலீஸ் சங்கம் நடவடிக்கை எடுக்கச் சொல்லுச்சு, என்எஃப்எல் எடுக்கல. 2015 மார்ச் 4 மத்திய அரசோட நீதித்துறை ஒரே நாள்ல ரெண்டு அறிக்கை விட்டுச்சு. ஒண்ணுல, அவன் சரணடையக் கையத் தூக்கினதுக்கு நம்பகமான சாட்சி இல்ல, அந்தப் போலீஸ்காரர் மேல கேஸ் போட முடியாது. இன்னொண்ணுல, ஃபெர்குசன் போலீஸும் கோர்ட்டும் சேந்து கறுப்பின மக்கள்கிட்ட அபராதம் அபராதமா வசூல் பண்ணியே ஊர் கஜானாவ ரொப்பிக்கிட்டு இருந்துச்சு, இன வெறுப்பு ஈமெயில் உட்பட எல்லாம் இருக்கு. ஆளுக்கு ஒரு அறிக்கைய மட்டும் படிச்சுட்டு பத்து வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. உங்க பையன ரெண்டையும் படிக்கச் சொல்லுங்க, சார்ஜென்ட் ஒண்ணத்தான் படிச்சிருப்பார், அவன் ரெண்டையும் படிச்சுட்டுப் போனா பேச்சு வேற மாதிரி போகும்.

நம்பர் கேப்பார் அவர். வாஷிங்டன் போஸ்ட் 2015-லேருந்து எண்ணிக்கிட்டு வந்துச்சு, வருஷத்துக்கு சுமார் 1,000 பேர போலீஸ் சுட்டுக் கொல்லுது. எண்ணிக்கையில வெள்ளைக்காரங்கதான் அதிகம், மக்கள்தொகைக்கு வகுத்துப் பாத்தா கறுப்பினத்தவர் சாகுறது ரெண்டு மடங்குக்கும் மேல. இதுக்கு போலீஸ் தரப்பு பதில், மக்கள்தொகையால வகுக்காத, போலீஸ் யார எத்தனை தடவ எதிர்கொள்ளுதோ அதால வகுன்னு. அதுக்கு எதிர்க்கேள்வி, யார நிறுத்தணும்னு முடிவு பண்றதே போலீஸ்தானே, அந்த முடிவுலயே கோணல் இருந்தா வகுக்குற எண்ணும் கோணல்தானேன்னு. நான் ரெண்டாவது பக்கம். ஆனா முதல் பக்கம் பேசுறவங்க எல்லாரும் இனவெறியங்கன்னு சொல்ல மாட்டேன்.

உங்க அப்பா தினம் காலையில வாக்கிங் போவார்ல? அவருக்கு ஒரு விஷயம் சொல்லணும். 2015 பிப்ரவரி, அலபாமாவுல மேடிசன்னு ஒரு ஊர், மகன் வீட்டுல பேரனப் பாத்துக்க குஜராத்லேருந்து வந்து ரெண்டு வாரம்கூட ஆகாத 57 வயசுப் பெரியவர் ரோட்டுல நடந்து போனார். யாரோ ஒரு கறுப்பினத்து ஆள் வீடு வீடா எட்டிப் பாக்குறான்னு பக்கத்துல ஒருத்தர் போன் போட்டார். வந்த போலீஸுக்கு இவரால இங்கிலீஷ்ல பதில் சொல்ல முடியல, தரையில தலைகீழா அடிச்சாங்க, கழுத்துல அடிபட்டு உடம்புல ஒரு பகுதி விளங்காம ஆயிருச்சு. வீடியோ இருக்கு. ரெண்டு தடவ ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாம கலைஞ்சு, கடைசியில நீதிபதி அந்தப் போலீஸ்காரர விடுதலை பண்ணிட்டார். நம்மள இது தொடாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்குற பெரியவங்ககிட்ட இத நான் சொல்லாம விடறது இல்ல. இன்னொரு பக்கமும் இருக்கு, ஃப்ளாய்ட் கழுத்துல முட்டி இருந்தப்போ கூட்டத்த நெருங்க விடாம காவல் நின்ன அதிகாரி ஆசிய வம்சாவளி, மோங் இனத்தவர். நாம இதுல ரெண்டு எடத்துலயும் நின்னிருக்கோம்.

இப்போ உங்க பையன் பத்தி எனக்கிருக்குற ஒரே சந்தேகம். அந்த ரெண்டு கறுப்பினப் பசங்க. இது யார் யோசனை? இவன் ப்ராஜெக்ட் பண்ண வேகத்துல அவங்கள இழுத்தானா, அவங்க கூப்பிட்டு இவன் போறானா? இத இன்னைக்கே கேளுங்க. கூட்டத்துலேருந்து திட்டு வந்தா, போற வழியில யாராவது கார நிறுத்தினா, அவங்களுக்கு விழுறதும் இவனுக்கு விழுறதும் ஒரே அளவு இல்ல. அவங்க யோசனைன்னா அவங்க கேக்குற மாதிரி நிக்கட்டும். முட்டிதான் போடணும்னு இல்ல. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரங்க டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறை போட்டு கைய ஒசத்தின போட்டோவ பாத்திருப்பீங்க, முன்னாடி நிக்கிற வெள்ளி மெடல் ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் கையத் தூக்கல, அவங்க ரெண்டு பேரும் போட்டிருந்த அதே மனித உரிமை பேட்ஜ நெஞ்சுல குத்திக்கிட்டு நேரா நின்னார், அவ்வளவுதான். ஊர்ல அவருக்கு அதுக்கும் பேச்சு விழுந்துச்சு. 2006-ல அவர் செத்தப்போ ஸ்மித்தும் கார்லோசும் வந்து சவப்பெட்டியத் தோள்ல தூக்கினாங்க. 2017-ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ்ல மால்கம் ஜென்கின்ஸ் கைய ஒசத்தினப்போ பக்கத்துல வெள்ளைக்கார வீரர் கிறிஸ் லாங் நின்னபடியே அவர் தோள்ல கை போட்டுக்கிட்டார். இதெல்லாம் இவனுக்குத் தெரிஞ்சிருக்கட்டும், அப்புறமும் முட்டிதான்னா முட்டி.

சார்ஜென்ட் பையன் நிப்பான், நிக்கட்டும். நிக்கிறவன எதிரியாக்காம இருக்கணும், அது ரொம்ப முக்கியம். 2017 செப்டம்பர் 22 ட்ரம்ப் அலபாமாவுல ஒரு கூட்டத்துல முட்டி போடுற வீரர்கள கெட்ட வார்த்தை சொல்லி மைதானத்த விட்டுத் துரத்தணும்னார், அந்த ஞாயித்துக்கிழமை 200 பேருக்கு மேல முட்டி போட்டாங்க இல்ல உக்காந்தாங்க. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் இந்தச் சண்டையே வேண்டாம்னு வெளிய வராம சுரங்கப்பாதைக்குள்ளயே நின்னுருச்சு, ஆஃப்கானிஸ்தான்ல சண்டை போட்ட அலெஹான்ட்ரோ வில்லனுவேவா மட்டும் வெளிய நின்ன மாதிரி போட்டோ வந்துச்சு. ஒரே நாள்ல அவர் ஜெர்சி விற்பனையில முதல் எடத்துக்குப் போச்சு. மறுநாள் அந்த மனுஷன் வந்து, தனியா நிக்கணும்னு நான் நினைக்கவே இல்ல, என் டீம விட்டுட்ட மாதிரி ஆயிருச்சு, அந்தப் போட்டோவப் பாத்தா கூச்சமா இருக்குன்னார். யாரு கேட்டா? ஜெர்சி வித்துக்கிட்டே இருந்துச்சு.

செய்ய வேண்டியது. கோச்சுக்கு மூணு பசங்களும் சேந்து ரெண்டு நாள் முன்னாடி நேர்ல போய் சொல்லட்டும், பெர்மிஷன் கேக்கக் கூடாது, தகவல் சொல்றது, அன்னைக்கு ராத்திரியே "நாங்க உங்ககிட்ட சொன்னோம்"னு ஒரு ஈமெயில் போட்டு வச்சிரட்டும், எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஸ்கூல் ஹேண்ட்புக்ல விளையாட்டு ஒழுக்க விதின்னு நீங்க கையெழுத்து போட்டுக் குடுத்த பக்கத்தத் தேடி எடுங்க, படிக்காமத்தான் போட்டிருப்பீங்க, நானும் என் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் போட்டேன். கீதம் முடிஞ்சதும் எந்திரிச்சு வேலையப் பாக்கணும், இன்ஸ்டாவுல வீடியோ கீடியோ போடக்கூடாது, வேற யாராவது போட்டா கமென்ட்ஸ் படிக்கக்கூடாது. நீங்களும் மனைவியும் ஸ்டாண்டுல இருங்க. எந்திரிச்சு நிக்கணும்னு தோணுச்சுன்னா நெஞ்சுல கை வச்சு நல்லா எந்திரிச்சு நில்லுங்க, போயர் நின்ன மாதிரி, பையனுக்கு எதிரா நிக்கிறதா அர்த்தம் இல்ல. கூட்டத்துலேருந்து யாராவது ஏதாவது சொன்னா நீங்க வாய் குடுக்காதீங்க, அந்த அரெஸ்ட் கட்டத்த ஞாபகம் வச்சுக்கோங்க. கேம் முடிஞ்சு அந்த ரெண்டு பசங்களயும் தனியா கார் ஓட்டிட்டுப் போக விடாதீங்க, உங்க வண்டியில ஏத்தி வீட்டுல விடுங்க.

அதுக்கு முன்னாடி பக்கத்து வீடு. சார்ஜென்ட் மைதானத்துலதான் மொத தடவ இதப் பாக்குறார்னா நீங்க முதுகுல குத்தின மாதிரி அவருக்கு இருக்கும், பனியில வீட்டுல சேத்த மனுஷன். அவர் டூட்டி இல்லாத நாள் எதுன்னு பாத்துக்கிட்டு, நீங்களும் பையனும் ஆளுக்கு ஒரு முனையப் பிடிச்சு அந்த ஏணியத் தூக்கிட்டுப் போங்க. ஏணியக் கீழ வச்சதும் நீங்க திரும்பி வந்துருங்க. பேச வேண்டியவன் அவன். அவர் கதவச் சாத்தினாலும் சரி, ரெண்டு மணி நேரம் பிடிச்சு வச்சுப் பேசினாலும் சரி, வந்து என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க.